டேப் ஒட்டாத நானூறு சூட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் போட்ட ஒரு கையெழுத்துதான் இந்தக் கதைக்குக் காரணம். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் க்யூசி, தைத்து வருவதன் தரம் பார்த்து பாஸ் பண்ணுகிறவன். கொரோனா இரண்டாம் அலையில் பனியன் ஆர்டர் நின்றதும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு உடம்பை முழுக்க மூடும் பிபிஇ சூட் தைக்க இறங்கினோம். தைத்தால் மட்டும் போதாது. ஊசி போன துளைகளின் மேல் சூடாக டேப் ஒட்ட வேண்டும். டேப் தீர்ந்துவிட்டது. பனியன் பார்த்தே பழகிய புத்தி, தையல் நெருக்கமாகத்தானே இருக்கிறது என்றது. நானூறு சூட்டை பாஸ் பண்ணினேன்.

ஐந்து நாள் முன்பு ஒரு சூட் திரும்பி வந்தது. அதில் ஒரு சீட்டு: ‘இதை பாஸ் பண்ணுனவரு இதையே போட்டுக்கிட்டு வார்டுக்கு வரவும். மருதம்மாள், கிளீனிங்.’

ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் தீனதயாளனைப் போனில் பிடித்தேன். அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி என்று கதை எழுத உட்கார்ந்தேன்.

2

‘கண்ணீர் மல்க அந்தச் சூட்டை வாங்கிய மருதம்மாள்—’

இல்லை. அழுகிற ஆள் இப்படிச் சீட்டு எழுத மாட்டாள்.

‘மருதம்மாள் ஒரு நடமாடும் தெய்வம்—’

இதைப் படித்தால் அவளே அடிக்க வருவாள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் நல்ல சூட் தர வேண்டியதில்லை, பாருங்கள்.

3

காலை ஏழு மணி. கொரோனா வார்டு வாசலில் கிளீனிங் பெண்கள் ஏழு பேர். மருதம்மாள் இந்தக் கான்ட்ராக்ட் வேலைக்கு வருமுன் ஒன்பது வருஷம் அனுப்பர்பாளையத்தில் பனியன் செக்கிங்கில் இருந்தவள். எந்தத் துணியைக் கொடுத்தாலும் உள்ளே திருப்பிப் பார்க்காமல் அவளுக்கு மனசு ஆறாது. திருப்பினாள். டேப் இல்லை. சூட்டின் காலை முடிச்சுப்போட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். தையல் நெடுக முத்து முத்தாக ஒழுகியது.

“மருதக்கா, நேரமாகுதுங்க. நீங்க போகலீன்னா கான்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுருவாருங்க” என்றார் தீனதயாளன்.

“வேற ஆளுக்கு வேற சூட்டு குடுப்பீங்களாங்க?”

(எங்கள் ஊரில் சண்டையும் ‘ங்க’ போட்டுத்தான் நடக்கும். மரியாதை குறையாது, ஆளும் நகர மாட்டார்.)

சத்தம் கேட்டு வந்த நர்ஸ் சித்ராதேவி, தன் கையிலிருந்த புதுச் சூட்டைத் திருப்பினாள். அதிலும் இல்லை.

“மூணு நாளா இந்த மாதிரி சூட்டத்தானுங்க்கா போட்டுட்டு உள்ள போறேன். ஊட்ல கைக்குழந்தை இருக்குது.”

மருதம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. “ஒருத்தரும் உள்ள போகாதீங்க. சார், அகலப் பிளாஸ்திரி எத்தன இருக்குதோ எல்லாத்தையும் கொண்டாங்க. நோயாளிகள உட்டுப்போட்டு நாங்க ஓட மாட்டோமுங்க. ஆனா சாகறதுக்கும் வரலீங்க.”

எட்டுப் பேரும் வராந்தாவில் உட்கார்ந்து தையல் தையலாகப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே அதுவரை தாக்குப்பிடித்தார்கள். ஒட்டிய ஒன்றில் மறுபடி தண்ணீர் ஊற்றி, சொட்டு வராததைப் பார்த்த பிறகுதான் வார்டுக் கதவு திறந்தது.

4

முடிவு அ: மருதம்மாளுக்குத் தொற்று, ஆம்புலன்ஸ், மாலை. நான்கு பக்கம் தடங்கலே இல்லாமல் வந்தது. ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்தேன். செத்தவள் என்னைக் கேள்வி கேட்க மாட்டாள். கிழித்துப் போட்டேன். நீங்கள் எவ்வளவு எதிர்பார்த்தாலும் சரி, அவளைக் கொல்ல மாட்டேன்.

முடிவு ஆ: க்யூசி ஓடிப்போய்க் காலில் விழுகிறான், அவள் மன்னிக்கிறாள். பொய். நான் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு இ: சித்ராதேவியின் டெஸ்ட் ரிசல்ட்*

* இன்னும் வரவில்லை. வராததை எழுத எனக்கு உரிமை இல்லை. பயமாக இருக்கிறது.

5

இன்று மத்தியானம் தீனதயாளன் எண்ணிலிருந்து போன். பேசியது மருதம்மாள்.

“கதை எழுதறீங்களாமா?”

“ஆமாங்க.”

“எழுதுங்க, எழுதுங்க. நானூறு பாஸ் பண்ணுனீங்களாமா. எங்களுக்கு வந்தது நூத்தியிருவது சூட்டுங்க. மீதியெல்லாம் எங்கீங்க போச்சு?”

போன இடங்களின் லிஸ்ட் என் முன்னால்தான் கிடக்கிறது. யாருக்காவது போன் பண்ணினால் கம்பெனிக்குள் கால் வைக்காதே என்று முதலாளி தரணீதரன் சொல்லிவிட்டார். வைக்கவில்லை, போங்கள்.

முடிவு தெரியாமல் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. கொமரலிங்கம் ஊர்க் கொரோனா முகாமுக்கு மட்டும் எண்பது போயிருக்கிறது. ரிங் போகிறது. யாரோ எடுக்கிறார்கள்.

“ஏனுங்க, மண்ணரையில இருந்து பேசறேன். அந்தச் சூட்ட இன்னிக்கு யாரும் போட்டுட்டு உள்ள