பதினேழு புள்ளி ஆறு

கத்திரி வெயில் என்று பேர்தான். இந்த வருஷம் மத்தியானம் மூன்று மணி ஆனால் போதும், ஒரகடம் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து சேரப்பணஞ்சேரியில் கொட்டிவிட்டுப் போகிறது. பன்னிரண்டு நாளாக இதே கூத்து. மழையை வைதால் பாவம் என்பார்கள். பெரியநாயகம் வாய் வலிக்க வைதார்.

வையமாட்டாரா பின்னே! முப்பத்திரண்டு வருஷம் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனபின், அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கரில் போட்ட முதல் நெல் இது. மனைவி கிரேசிக்கு இந்த விவசாயமே பிடிக்கவில்லை. மகள் பெனிட்டா தாம்பரத்தில் ஒரு ரூமை ஒதுக்கி வைத்துவிட்டுத் தினமும் போனில் கூப்பிட்டாள்.

"இந்த நெல்லு ஒழுங்கா வூடு வரலைன்னா மறுபேச்சே இல்ல, பெனிட்டா வூட்டுக்குப் போயிடலாம்" என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்லியிருந்தார். கிரேசி அன்றைக்கே சூட்கேஸைத் துடைத்து வைத்துவிட்டாள்.

கம்பெனி எதுவும் வராத சிப்காட் ரோட்டில் நெல் காய்ந்தது. காலையில் பக்கத்து வீட்டு சசிகலா, மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் ஜெபமாலைக்குப் பந்தல் போடத் தார்ப்பாய் கேட்டாள்.

"எடுத்துக்கினு போம்மா. பன்னெண்டு மணிக்கு மூட்டை கட்டிடுவேன்."

பன்னிரண்டு மணிக்கு ஈரம் பார்க்கிற மெஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டார். பதினேழு புள்ளி ஆறு. கொள்முதல் நிலையத்தில் பதினேழு கேட்கிறார்கள்.

"கட்டுங்க" என்றாள் கிரேசி. "அரை பாயிண்டுக்கு அவன் இன்னா தூக்குலயா போடப் போறான்?"

"பதினேழுக்கு மேல போனா ரிஜெக்ட்."

"உங்க நெல்லை நீங்களே ரிஜெக்ட் பண்ணுவீங்களா?"

"ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான். ஒரு மணி நேரம் பொறு."

மயிரிழை வித்தியாசத்துக்கு ஊரான் சரக்கையெல்லாம் திருப்பி அனுப்பிய மனுஷன், சொந்த நெல்லையும் விடவில்லை. ஒரு மணிக்குப் பதினேழு புள்ளி மூன்று. இரண்டு மணிக்கும் அதேதான். இரண்டரைக்குப் பதினேழு புள்ளி ஒன்று. இன்னும் ஒரே ஒரு புள்ளி, ஆண்டவரே!

ஆண்டவர் காற்றை அனுப்பினார்.

புழுதி கண்ணில் அடித்தது. பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்தார். ஒரு பக்கம் குவித்தால் மறுபக்கம் சரிந்தது. "கிரேசி, சாக்கை எடு!" என்று கத்தித் திரும்பினார். அவளைக் காணோம்.

சூட்கேஸ் அடுக்கப் போய்விட்டாள் என்று நினைத்தார். ஜெயித்துவிட்டாள், அடுக்கட்டும். தானே சாக்கை எடுக்கக் குனிந்தார். முதல் துளி கையில் விழுந்தது.

"புடிங்க அந்த முனைய!"

கிரேசி தார்ப்பாயைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அறுத்த கயிறெல்லாம் கூடவே தொங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே சசிகலா.

"யக்கா! மாதா நனையுறாங்கக்கா!"

"மாதா நனைஞ்சா ஒண்ணும் ஆவாது. நெல்லு நனைஞ்சா மொளைச்சிக்கும்!"

குவியலை மூடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. ஓரத்து நெல் நாலு மரக்கால் தண்ணீரோடு போனது. மீதி உள்ளே இருந்தது. காற்று தார்ப்பாயைத் தூக்க, மூன்று பேரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். நாலாவது முனைக்குக் கல். சசிகலா ஜெபமாலைக்குப் பதிலாகக் கிரேசியைத் திட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் ரோட்டோரத் தண்ணீரில் கிடந்தது. பெரியநாயகம் அதை எடுக்கப் போகவில்லை.

கிரேசியின் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போன் அடித்தது. பெனிட்டா. முந்தானைக்குள் வைத்துப் பேசினாள்.

"மழைதான்டி... நெல்லா?"

பெரியநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெல்லுக்கு ஒண்ணும் ஆவல. இன்னும் காயணும், அவ்ளோதான்... சூட்கேஸா? அது வேணும்டி. வெதநெல்லு எலி கடிக்காம வைக்க வேற பொட்டி ஏது?"

போனை வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் அவர் அழுவது தெரியவில்லை என்று நினைத்திருப்பார், பாவம்.

"இன்னா பாக்குறீங்க? ஓரம் தூக்குது பாருங்க. அழுத்தி உக்காருங்க."