பன்னிரண்டு தறி கேட்ட ராப்

"நேத்து மத்தியானம் கரண்டு போச்சுல்ல, அப்ப தறிச்செட்டுக்குள்ள நின்னு ஒரு ராப்பு பாடுனேன் பாத்துக்க. பன்னெண்டு தறியும் ஓடுச்சு. கரண்டு இல்லாமலே!"

அப்பய்யா இதைச் சொன்னபோது ரேணுகாதேவியின் டீக்கடையில் ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் "அப்படியா" என்று டீயை ஊதினார்கள். அருப்புக்கோட்டையில், அதுவும் திருச்சுழி ரோட்டில், நிழலே நிழல் தேடி ஓடுகிற சித்திரை வெயிலில், அடுத்தவன் சொல்வதை மறுத்துப் பேச எவனுக்கும் எச்சில் மிஞ்சாது. ஏழாவது ஆள் யேசுதாசன். முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டைப் பற்றி ஒருத்தன் பொய் சொன்னால், கூடப் பிறந்த தங்கச்சியைப் பற்றித் தப்பாகப் பேசியது போல அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருய்யா பாத்தா?"

"தறி பாத்துச்சு."

"தறி வந்து சாட்சி சொல்லுமா?"

"நீ கேட்டா சொல்லும். கேக்குற மாதிரிக் கேக்கணும்."

யேசுதாசன் டம்ளரை நங்கென்று வைத்தார். பொய்யைக்கூட அவர் மன்னித்திருப்பார். அந்த 'ராப்பு' என்ற வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவருக்குப் பாட்டு என்றால் மெலடி. ஒரு வரி கிளம்பினால் நிதானமாக காரியாபட்டி வரை நடந்து போய், அங்கே ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். வீட்டில் டிவி முழுக்க மருமகள் ஜாய்ஸின் சீரியல். கோயில் பாடகர் குழுவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாய் திறக்கலாம். மிச்சமிருப்பது, இந்தக் கடையில் பாய்லருக்குப் பக்கத்தில் தேங்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர். அது ஒரு நேரத்தில் ஒரு போனுக்குத்தான் கட்டுப்படும். சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை அது யேசுதாசனின் போனோடு குடும்பம் நடத்தும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் மிச்ச இருபத்திரண்டு மணி நேரமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு மணி நேரத்தின் மேல் அப்பய்யாவுக்குக் கண் விழுந்துவிட்டது.

அப்பய்யா நாற்பது வருஷம் விசைத்தறியில் நின்றவர். அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமானால் இரண்டு 'டடக்'குக்கு நடுவிலே வார்த்தையைச் செருக வேண்டும். செருகிச் செருகி, தறி இல்லாத இடத்திலும் அவர் பேச்சு துண்டு துண்டாகத்தான் விழும். காது பாதி செவிடாகிப்போயிற்று. மெலடியெல்லாம் அவருக்குக் கொசு பறக்கிற மாதிரி. ஒரு நாள் மினி பஸ்ஸில் யாரோ ராப் போட, ஆயுசில் முதல் தடவையாக ஒரு பாட்டின் அத்தனை வார்த்தையும் காதுக்குள் வந்து விழுந்தது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாலு ஊர் தள்ளிப் போய் இறங்கினார்.

"ராப்பா அது? குழாயடிச் சண்டைக்கு மத்தளம் கட்டுன மாதிரி இருக்கு" என்றார் யேசுதாசன்.

"ஒன் பாட்டு மட்டும்? 'வா'ங்கிற ஒத்த எழுத்த அரை மணி நேரம் இழுக்கான். அவன் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அவ விருதுநகரு பஸ்ஸு ஏறிப் போய், கல்யாணம் முடிச்சு, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்துருப்பா."

ஆறு பேரும் சிரித்தார்கள். யேசுதாசனுக்கு மீசை துடித்தது.

"சரி. சனிக்கிழமை மாசாந்திரக் கரண்டு நிறுத்தம். ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும் ஊருக்கே கிடையாது. என் கண்ணு முன்னால தறிய ஓட்டிக் காட்டு."

"ஓடுச்சுன்னா நாலு மணி ஸ்பீக்கரு எனக்கு."

"ஓடலைன்னா ராப்புங்கிற வார்த்தையே ஒன் வாயில வரக்கூடாது."

ரேணுகாதேவி கரண்டியால் பாய்லரைத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள். "லைன்மேன் அண்ணே, ஓடுச்சா இல்லையான்னு நீங்களே ஒங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லுற வரைக்கும் ஸ்பீக்கரு மாறாது. நாளப்பின்ன என் கடையில பஞ்சாயத்து வேண்டாம்."

சனிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி பூமிநாதனின் தறிச்செட்டில் கூட்டம் மொய்த்தது. அப்பய்யா வேலை பார்த்து ஓய்வு பெற்ற செட்டு அது. பன்னிரண்டு தறியும் சத்தமில்லாமல் நின்றன. யேசுதாசன் தன் வேலையில் இறங்கினார். மெயின் சுவிட்சை இறக்கினார். மூன்று பீஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்வெர்ட்டர் வயரைக் கழற்றினார். ஜெனரேட்டரின் டீசலை வாளியில் வடித்தார். சுவரில் இருந்த பல்லியையும் விரட்டினார்; எதிலிருந்து எவன் கரண்டு இழுப்பான் என்று யார் கண்டது?

"இந்தச் செட்டப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்? கரண்டு வந்ததும் பன்னெண்டையும் ஒண்ணாப் போட்டா பீஸு போயிரும், ஒவ்வொரு தறிக்கும் நடுவுல நாலு எண்ணிப் போடுய்யான்னு முப்பது வருசத்துக்கு முன்னால இவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நானு."

"ஆமா, இன்னைக்கு வரைக்கும் எண்ணுறேன்ல" என்றார் அப்பய்யா. வேட்டியை மடித்துக் கட்டி, கையை இரண்டு பக்கமும் வெட்டி, ஆரம்பித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!
ஓடுற நாடா வீசுது காலு!
மதுரைக்குப் போகுது மூணு பஸ்ஸு,
மாப்ள எம்பேச்சு எப்பவும் மாஸு!"

தறிகள் அசையவில்லை. மறுபடி பாடினார். தலைகீழாகப் பாடினார். ஒற்றைக் காலில் நின்று பாடினார். ஏழாம் நம்பர் தறி ஒரு சொட்டு எண்ணெய் ஒழுக்கியது. அவ்வளவுதான். அப்பய்யாவின் முகம் கஞ்சி போடாத பாவு நூல் மாதிரித் துவண்டது.

யேசுதாசன் எழுந்தார். ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம், அரை மணி நேரம் ராப் கேட்ட எரிச்சல் மறு பக்கம். இரண்டும் சேர்ந்து தொண்டைக்கு ஏறின.

"ஏலே அப்பய்யா, ஒனக்கு இருக்கு ஒரு முழ நாக்கு!"

டடக் என்றது முதல் தறி.

எலியாக இருக்கும் என்று நினைத்து அவர் நிறுத்தாமல் போனார்.

"பொய்ய அள்ளிக் கட்டுனா பத்தாது ஒரு சாக்கு!
கரண்டு என்ன ஒங்க வீட்டு வெத்தலையா பாக்கு?
கம்பத்துல ஏறி ஏறி கருகிப்போச்சு என் மூக்கு!
இனி ராப்புன்னு சொன்னா அறுத்துருவேன் நாக்கு!"

டடக். இரண்டாவது தறி. நாடாக்கட்டை நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது. யேசுதாசனுக்குப் பேச்சு குழறிற்று; நறுக்கென்று கடித்துக்கொண்டார். "ஐயோ என் நாக்கு!" மூன்றாவது தறி. வாசலில் இருந்து அப்பய்யாவின் மனைவி சௌடம்மாள் ஓடி வந்தாள். "அண்ணே, அடக்குங்க நாக்க!" நாலாவது தறி ஒரு துள்ளுத் துள்ளி, சொல் முழுசாக இல்லாததால் நின்றது. கூட்டத்தில் எவனோ, "என்னடா நாக்கு? எதுக்குடா நாக்கு?" என்றான். துள்ளி நின்றதும் அதற்கடுத்ததும் ஓடின. அப்புறம் செட்டில் இருந்த எல்லோரும் 'நாக்கு நாக்கு' என்று கத்த, பன்னிரண்டு தறியும் ஓட, பஞ்சு பறந்து, பூமிநாதனின் தலை இருந்த இடத்தில் ஒரு பருத்திக்காய் வெடித்தது போல் இருந்தது. பக்கத்துத் தெருவில் நின்ற கிரைண்டர் ஒன்று மாவே இல்லாமல் நாலு சுற்றுச் சுற்றியதாகவும் கேள்வி.

பதினோரு நிமிஷம். கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை கட்டியபோது தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

சௌடம்மாள் தலையில் அடித்துக்கொண்டு புருஷனிடம் போனாள். "தமிழ்ல எண்ணுனா அதுக்கு எப்படிப் புரியும்? வீட்டுல பேசுற கன்னடத்துலதான ஒந்து, எரடு, மூறு, நாக்குன்னு முப்பது வருசமா எண்ணி ஓட்டுனீக? நாக்குன்னா நாலு, அடுத்தது ஓடணும்னு இந்தத் தறிக்குப் பழகிப்போச்சு. இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"வெளியாளு வந்துருக்காக, அவுக முன்னால நம்ம பேச்சப் பேசுனா மரியாதையா இருக்குமா?" என்றார் அப்பய்யா பரிதாபமாக.

எல்லோரும் யேசுதாசனைப் பார்த்தார்கள்.

"காத்து" என்றார் யேசுதாசன். "மேக்கத்திக் காத்துல பெல்ட்டு சுத்திருக்கு." செட்டுக்கு ஒரே ஒரு கதவு, சன்னல் கிடையாது. "ஓடலை. நான் ஒத்துக்கிற மாட்டேன்." மூன்று பீஸ் கேரியரும் பைக்குள் தணலாகக் கொதித்தன. அதை மட்டும் யாரிடமும் சொல்லாமல், சட்டையை விலக்கிப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார்.

தீர்ப்புப்படி ஸ்பீக்கர் அவரிடமே இருந்தது. மறுநாள் நாலு மணிக்கு மெலடி போட்டார். பாடகர் காரியாபட்டிக்குப் போய் இளநீர் குடித்துத் திரும்புகிற நேரத்தில், யேசுதாசனின் வாய் தன்னால் முணுமுணுத்தது: "தேக்கு... வாக்கு... நோக்கு..." வாயைப் பொத்திக்கொண்டார். ராத்திரி ஜெபத்தில் கடைசி வரி எதுகையோடு வந்து விழுந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் நாலு மணி போய்விடும். போனால் ஜாய்ஸின் சீரியல்தான். ஊரே ஓடியது என்றது, அவர் ஒருவர் மட்டும் ஓடவில்லை என்றார்.

ஆறாம் நாள் கடைக்கு முன்னால் மதுரை பஸ் பஞ்சராகி நின்றது. இறங்கிய கூட்டத்துக்கு அப்பய்யா கையை வெட்டி வெட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வாயத் திறந்தேன் பாருங்க... பன்னெண்டு தறியும் ஓடுச்சு! எல்லாம் நம்ம ராப்பு!"

யேசுதாசன் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பக்கத்துல ஒரு லைன்மேனு நின்னாக. பாவம், பயந்து போய் நாக்கக் கடிச்சுக்கிட்டாக."

பஸ்காரர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் அப்பய்யாவோடு செல்ஃபி எடுக்க வந்தாள். யேசுதாசன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்.

"ஏலே! ஒன் ராப்புக்கா ஓடுச்சு? ஒன் ராப்புக்கு எண்ணெய் ஒழுகுச்சுடா, எண்ணெய்! கல்லு மாதிரி நின்னுச்சு பன்னெண்டும்!"

"அப்ப ஓடவே இல்லைங்கிறியா?" என்றார் அப்பய்யா, ரொம்ப மெதுவாக. பாய்லருக்குப் பக்கத்தில் ரேணுகாதேவியின் கை ஸ்பீக்கரைத் தொட்டது.

யேசுதாசன் ஸ்பீக்கரைப் பார்த்தார். பஸ் கூட்டத்தைப் பார்த்தார். செல்ஃபிக்குப் பல்லைக் காட்டி நின்ற அப்பய்யாவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைப் படபடவென்று கழற்றி, நெஞ்சில் பீஸ் கேரியர் சுட்ட மூன்று தழும்பையும் ஊருக்கே காட்டினார்.

"ஓடுச்சுடா! பன்னெண்டும் ஓடுச்சு! பதினோரு நிமிசம், ஒரு நூலு அறுகாம ஓடுச்சு! ஆனா ஓடுனது என் பாட்டுக்கு!"