திருப்பிக் கூப்பிடும் பொத்தான்

கூடத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அவசர அழைப்பு மையத்தில் காதுதான் சோறு போடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறக்குமுன்பே அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். மூச்சு வாங்குகிற விதம், பின்னால் ஒழுகுகிற குழாய், யாரோ கதவைச் சாத்துகிற ஓசை, இவ்வளவு போதும். மற்றவர்கள் முகவரி கேட்டு மன்றாடிக்கொண்டிருக்கும்போது அவள், "தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடா?" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். சமையலறையில் டப்பா மூடி திறந்தால் எந்த டப்பா என்று படுக்கையறையிலிருந்தே சொல்லிவிடுகிறாள் என்று அவள் கணவன் ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொள்வான்.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்டதென்று தெரியாது. அழைப்பு அறுந்தால் திருப்பிக் கூப்பிடு. கூப்பிடாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. ஒருத்தி தண்ணீர் குடித்துவிட்டு வந்து கூப்பிட்டாளாம். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டதாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இந்தக் கதை சொல்லப்படும். மெய்யோ பொய்யோ, கேட்டவர்களின் விரல் தானாகவே திருப்பிக் கூப்பிடும் பச்சைப் பொத்தானுக்குப் போகப் பழகிவிடும்.

இந்த ஆண்டு கூடம் மாறியது. தரைக்குக் கம்பளம் போட்டார்கள். சுவருக்குப் பஞ்சுப் பலகை அடித்தார்கள். இனிமேல் குறுஞ்செய்தியிலும் உதவி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். பயிற்சி கொடுக்க ஒரு வக்கீல் அம்மா வந்தார். பிறவியிலேயே காது கேட்காதவர். அவர் தட்டச்சு செய்ததைப் பெரிய திரையில் காட்டினார்கள்.

முதல் வரி: "எங்கள் வீடுகளில் இத்தனை நாளாகத் தீயே பிடிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?"

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வரி: "எழுதுகிற எல்லோரும் என்னைப் போலக் காது கேட்காதவர்கள் அல்ல. சிலர் ஒளிந்திருப்பார்கள். ஒருபோதும் திருப்பிக் கூப்பிடாதீர்கள்."

அந்த வரியை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். பழைய சட்டம் எந்தச் சுவரிலும் இல்லை. அது கையில் இருந்தது.

எழுத்து மேசைக்கு அனுபவசாலி வேண்டும் என்று ஷிப்ட் தலைவர் அவளையே உட்காரவைத்தார். பக்கத்து மேசைக்காரன் வாய் ஓயாதவன். அவனுக்கு வானொலி என்று பெயர்.

"பாம்பைப் பிடிச்சு வாசிக்கச் சொன்னா எப்படிக்கா?" என்றான் அவன். "அது சரி, எழுதறதுக்கு நேரமிருந்தா அப்புறம் அது என்ன அவசரம்?"

"உனக்குத் தீப்பிடிக்கும்போது பாட்டா பாடு. நாங்க வந்து கேக்கறோம்."

வாயால் விட்டுக்கொடுக்கவில்லையே தவிர, அவளுக்கும் அந்த மேசை பிடிக்கவில்லை. எழுத்துக்கு வயது தெரியவில்லை. ஆணா பெண்ணா தெரியவில்லை. 'நெஞ்சு வலிக்குது' என்று ஒரு கிழவர் எழுதினாலும், பள்ளிக்குப் போகாமலிருக்க ஒரு பையன் எழுதினாலும் திரையில் ஒரே மாதிரிதான் வந்து நின்றது. முன்பெல்லாம் இருட்டில் யாரோ அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ உதட்டை அசைக்கிறார்கள். வேலை செய்யாத காதுமாட்டியை அவள் கழற்றவே இல்லை. அதற்குள் ஒன்றும் கேட்காது. கேட்காததை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பிற்பகலில் அது வந்தது.

"பேச முடியாது"

அவள் எழுதினாள். "அவசர உதவி மையம். எங்கே இருக்கிறீர்கள்?"

"வீட்ல. அலமாரிக்குள்ள. அவர் தேடிட்டு இருக்கார்"

"யார்?"

"வீட்டுக்காரர்"

பக்கத்துத் திரையில் வரைபடம் விரிந்தது. ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி வட்டம் விழுந்தது. அவள் கையைத் தூக்கினாள். வானொலி அந்த வட்டத்துக்கு ரோந்து வண்டிகளை அனுப்பினான்.

"எந்த மாடி? கதவு எண்?"

பதில் வர நேரமாயிற்று.

"செருப்பைக் கழட்டிட்டார். இப்ப நடக்கறது கேக்கல"

பயந்தவர்களைப் பேச்சில் பிடித்துவைக்க வேண்டும் என்பது பயிற்சி. "அங்கிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது?"

"ஒண்ணும் தெரியல. அவரோட நீலச் சட்டை மூஞ்சில படுது. சோப்பு வாசனை"

"எந்த மாடி?"

எதிரில் யாரோ எழுதும்போது வருகிற மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின. மறைந்தன. பிறகு ஒன்றுமில்லை.

அவள் காதுமாட்டியை அழுத்திக்கொண்டாள். உள்ளே வெறும் அமைதி. அந்த அமைதியை அவள் காது நன்றாக அறியும். அறுந்த அழைப்பின் அமைதி அது. விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

மணி அடித்தது.

இரண்டாவது மணியில்தான் அவளுக்கு உறைத்தது. எதிர்ச் சுவரில் வக்கீல் அம்மாவின் வரி நின்றுகொண்டிருந்தது. துண்டிக்க அவள் கையை எடுப்பதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள்.

ஹலோ இல்லை. கம்பியில் சட்டை மாட்டிகள் ஒவ்வொன்றாக நகரும் ஓசை. துணி உரசும் ஓசை. பிறகு மூச்சு. மூக்கு வழியாக, அவசரமில்லாமல், ஒரு ஆணின் மூச்சு. இன்னொரு மூச்சு. விளக்கணைப்பதுபோல மெதுவாக இணைப்பு போயிற்று.

"என்னக்கா?"

"கூப்பிட்டுட்டேன்."

வானொலி நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திரையில் வரி வந்தது.

"தப்பா அனுப்பிட்டேன். ஒண்ணும் இல்ல. யாரும் வர வேண்டாம்"

ஷிப்ட் தலைவர் எழுந்து வந்து பின்னால் நின்றார். "அந்தப் பொண்ணா எழுதுது?"

"தெரியல சார்."

"அவளுக்கு மட்டும் தெரிஞ்சதா ஏதாவது கேளுங்க."

அவள் எழுதினாள். "சற்றுமுன் உங்கள் முகத்தில் பட்டது என்ன?"

புள்ளிகள். நீண்ட நேரம் புள்ளிகள்.

"நீலச் சட்டை"

"அப்பாடா," என்றார் தலைவர். "அவளேதான்."

"மேலே தள்ளிப் படிச்சா யாருக்கும் தெரியும் சார்."

குரலாக இருந்தால் ஒரு சொல் போதும். இங்கே அந்தப் பெண்ணும் அவள் கணவனும் ஒரே எழுத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவள் மறுபடி தட்டத் தொடங்கினாள். "மகிழ்ச்சி. பதிவை முடிக்கச் சில கேள்விகள் கேட்க வேண்டும்."

"என்னக்கா பண்றீங்க?"

"அந்தக் கை போன்ல இருக்கட்டும். போன்ல இருக்கிற வரைக்கும் அது வேற எங்கேயும் இல்ல."

"சரி" என்று பதில் வந்தது.

"வீட்டில் எத்தனை பேர்?"

"ரெண்டு"

"சமையல் எரிவாயு கசிகிறதா?"

"இல்ல"

"செல்லப் பிராணிகள் உண்டா?"

"இல்ல"

அரசாங்க அலுவலகத்தில் சலிக்காமல் வரிசையில் நிற்கிற ஆளைப்போல அது பதில் சொல்லிக்கொண்டே வந்தது. கேள்விகள் தீர்ந்துபோயின.

"எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா?"

புள்ளிகள் தோன்றின. நின்றன. மறுபடி தோன்றின.

"கூப்பிட்டது நீங்கதானா"

அவள் தலைவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆம்."

"நல்லவேளை கூப்பிட்டீங்க"

அதன்பிறகு எதுவும் வரவில்லை.

ரோந்து போலீஸ்காரர் கட்டடத்தின் அடியிலிருந்து பேசினார். அவர் குரலை அவள் காதுமாட்டிக்குத் திருப்பிவிட்டான் வானொலி. "எத்தனை வீடு இருக்கு தெரியுமா மேடம்? ஒவ்வொரு கதவா தட்டினா பொழுது சாஞ்சிடும். கதவு எண் கிடைக்குமா?"

"கிடைக்காது. படிக்கட்டுல மாடிக்கு ஒருத்தரா நில்லுங்க. யாரும் பேசாதீங்க. காதை மட்டும் தீட்டிக்குங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"கூப்பிடப் போறேன்."

தலைவர் அவள் தோளைத் தொட்டார். "மறுபடியுமா?"

"முதல் தடவை போன் அவகிட்ட இருந்துது சார். இப்ப அவன் கையில இருக்கு."

இந்தமுறை விரலை அவளே கொண்டுபோய் வைத்தாள். மணி அடித்தது. அடித்தது. நின்றது.

"அஞ்சாவது மாடி," என்றார் போலீஸ்காரர் தாழ்ந்த குரலில். "கடைசி வீடு."

கதவு தட்டும் ஓசை. தாழ்ப்பாள் விலகும் ஓசை. பிறகு ஒரு ஆணின் குரல். மென்மையான குரல். பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்பதுபோல இருந்தது.

"வாங்க சார். மனைவி நேத்தே அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போனை மறந்து வெச்சுட்டுப் போயிட்டா. பக்கத்து வீட்டுப் பசங்க எடுத்து விளையாடியிருக்கு. உங்களுக்கு வீண் அலைச்சல். மன்னிச்சிடுங்க."

காலடிகள். கதவுகள். சிறிது நேரம் கழித்துப் போலீஸ்காரர் அவளிடம் சொன்னார். "வீடு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு மேடம். அலமாரி திறந்து கிடக்கு, உள்ளே துணிதான். குளியலறை மட்டும் பூட்டியிருக்கு, தண்ணி ஒழுகுதாம், ஆள் வந்து சரிபண்ணணுமாம். மனுஷன் தன்மையா பேசறார். கிளம்பவா?"

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அந்தக் குரலுக்குப் பின்னால், அந்த வீட்டுக்குப் பின்னால், ஒரு முனகல், ஒரு கீறல், ஏதாவது. ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட காது கையை விரித்துவிட்டது. ஒழுகுகிறதாம், ஆனால் சொட்டுகிற ஓசைகூட இல்லை.

கண்ணைத் திறந்தாள். எதிரே திரை. சொன்னதெல்லாம் சொன்னபடியே அங்கே நின்றிருந்தது.

"அந்த ஆள் என்ன சட்டை போட்டிருக்கார்?"

"சட்டையா? நீலம்."

"இஸ்திரி மடிப்பு கலையாம இருக்கா?"

"ஆமா. இப்பத்தான் மாட்டின மாதிரி இருக்கு. எப்படித் தெரியும்?"

"அவ நேத்தே போகல. கொஞ்ச நேரம் முன்னாடி அலமாரிக்குள்ள நின்னா. இந்தச் சட்டை அவ மூஞ்சில பட்டுட்டு இருந்துது. எழுதியிருக்கா. அந்த ஆளை விடாதீங்க. இதுக்கு முன்னாடி போட்டிருந்த சட்டை எங்கேன்னு கேளுங்க."

அங்கே கேட்டார்கள். மென்மையான குரல் பதில் சொல்லவில்லை. ஏதோ நாற்காலி சாய்ந்தது. பிறகு ஒரு கதவு உடைந்தது.

கூடத்தில் எல்லா மேசைகளிலும் அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை.

"மேடம்." போலீஸ்காரரின் குரல் மாறியிருந்தது. "உயிர் இருக்கு. கழுத்துல காயம். ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

வானொலி ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்தான்.

தலைவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கதாம்மா காப்பாத்தினீங்க."

"காட்டிக்கொடுத்ததும் நான்தான் சார்."

"அந்த முதல் அழைப்பை அறிக்கையில விட்டுடலாம். யார் பார்க்கப் போறா?"

"திரையில நிக்குது சார். குரல்னா காத்தோட போயிருக்கும்."

முதல் அழைப்பை அறிக்கையில் அவளே எழுதினாள். அவளைத் தண்டிக்கவில்லை. எழுத்து மேசையிலிருந்து பச்சைப் பொத்தானைப் பிடுங்கிவிடச் சொன்னாள், பிடுங்கினார்கள். அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. புள்ளிகள் மறைந்து திரை அசையாமல் நிற்கும்போதெல்லாம் அவள் விரல் அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் அதைக் கவனிப்பதில்லை. வானொலி கவனித்தான்.

வீட்டில் மகள் அடுத்த அறையிலிருந்து 'அம்மா சார்ஜர் எங்க' என்று குறுஞ்செய்தி அனுப்புவாள். அவள் எழுந்துபோய் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"இங்கேதானே இருக்கேன், எதுக்கும்மா வந்து பார்க்கற?"

"நீதானான்னு பார்த்தேன்."

"வேற யாரு?" என்று சிரிப்பாள் மகள்.

மழைக்காலம் தொடங்கியபிறகு ஒருநாள், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், புதிய எண் ஒன்றிலிருந்து செய்தி வந்தது.

"நீலச் சட்டை"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அலமாரில இருந்தவ நான். அவசரம் ஒண்ணும் இல்ல. குரல் இன்னும் வரல. ஒண்ணு கேக்கணும்"

"கேளுங்கள்."

"அன்னைக்கு ஏன் கூப்பிட்டீங்க"

அந்தச் சட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியும். அன்று அலமாரியிலிருந்து எழுதியவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் சிறைக்குள்ளேதான் இருக்கிறான் என்கிறார்கள். ஒரு மூச்சு கேட்டால் போதும், யாரென்று சொல்லிவிடுவாள். திரை மூச்சு விடவில்லை.

யாராக இருந்தால் என்ன, பதில் ஒன்றுதான் இருந்தது. மையத்தின் மொழியில் அதை எழுத வரவில்லை.

"பழக்கம். வேற காரணம் இல்ல. நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க."

அனுப்பினாள். புள்ளிகள் தோன்றின. மறைந்தன.

வானொலி குடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "நேரமாச்சுக்கா. கிளம்பலாம்."

"அவ இன்னும் போனை வைக்கல."

"எழுத்துல வைக்கறது ஏதுக்கா?"

அது அவளுக்கும் தெரியவில்லை. புள்ளிகள் மறுபடி தோன்றின. விரல் ஓட்டைக்குள் கிடந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.