மூன்றாவது கப்

ஹில்க்கா நிலநடுக்கமானிப் பெட்டியைத் திறந்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. நினைவட்டையை உருவி மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாள். மே மாதத்தோடு பதிவு நின்றிருந்தது.

"ஜூலையுமா போச்சு!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

ஜூலையில்தான் குரில் தீவுகளுக்கு அடியில் வெகு ஆழத்தில் பெரிய பூகம்பம் வந்தது. அந்த அலைகள் பூமியைத் துளைத்துக்கொண்டு பின்லாந்துக்குக் கீழே வந்து சேர்ந்தபோது, காடெங்குமுள்ள பண்ணைகளில் அவள் வைத்திருந்த முப்பது நிலநடுக்கமானிகளும் ஒன்றாகக் காது கொடுத்திருக்க வேண்டும். எந்தப் பெட்டிக்கு அலை முந்தியது, எதற்குப் பிந்தியது என்று ஒப்பிட்டால்தான் அடியில் பாறைத் தட்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும். இந்த வட்டாரத்தில் அது திடீரென்று ஆழமாக இறங்குகிறது என்பது ஹில்க்காவின் கட்சி. நான்கு வருஷ ஆய்வேடு அதை நம்பித்தான் நிற்கிறது. அந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பது அஹ்தியின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலுள்ள இந்த ஒரு பெட்டிதான். பெட்டிகளோ இரவல், அடுத்த மாதம் வேறு நாட்டுக்குப் போகின்றன. அதற்குள் இன்னொரு பூகம்பம் சொல்லிவைத்தா வரும்?

பெட்டியிலிருந்து போன மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கொட்டகைச் சுவருக்குப் போக வேண்டியது புல்லுக்குள் வளைந்து, கார் நிறுத்துமிடத்துக் கம்பத்தில் போய்ச் செருகியிருந்தது. குளிர்காலத்தில் கார் இஞ்சினைச் சூடாக்குவதற்கான கம்பம் அது. தலையில் அடித்துக்கொண்டாள்.

அஹ்தி கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். ஐம்பது வயதுப் பால் பண்ணைக்காரர். வார்த்தையைக் காசு போல எண்ணித்தான் எடுப்பார்.

"வந்துட்டீங்களா. ஐலா காபி போட்டிருக்கா."

"காபி கெடக்கட்டும். இத ஏன் இங்க செருகினீங்க?"

"கொட்டகை ப்ளக்கு எரிஞ்சு போச்சு. வாங்க, காபி ஆறிடும்."

அவர் உள்ளே போய்விட்டார். ஹில்க்கா பல்லைக் கடித்துக்கொண்டு காலணியைக் கழற்றினாள். அவள் ஹெல்சிங்கிக்காரி என்றாலும் இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவள் இல்லை. முதல் கப்புக்கு வானிலை. இரண்டாவதுக்கு மாடு கன்று. மூன்றாவதுக்குத்தான் விஷயம். அதற்கு முன்னால் வாயைப் பிடுங்கினால், வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

உறைபனி சீக்கிரம் வரும் போலிருக்கிறது என்றார் அஹ்தி. ஹில்க்கா தலையாட்டினாள். ஒரு பசு கால் நொண்டுகிறது என்றார். அதற்கும் தலையாட்டினாள். அவர் மனைவி ஐலா ஏலக்காய் ரொட்டியை நகர்த்தி வைத்தாள். மூன்றாவது கப்பை ஊற்றியபோது கொதித்துக்கொண்டிருந்தது காபி மட்டுமல்ல.

"அந்தக் கார் கம்பத்துல டைமர் இருக்கு," என்றார் அஹ்தி கடைசியில். "காலைல மட்டும் கொஞ்ச நேரம் கரண்டு வரும். ஒங்க பேட்டரிக்கு அது போதும்னு மாட்டினேன்."

போதுமாகத்தான் இருந்தது. ஏப்ரலில் அவள் வந்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது. கம்பி பனிக்குள் புதைந்து கிடந்தது. அட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அப்புறம்?"

"மே மாசம் கம்பத்த அணைச்சுட்டேன். வருஷா வருஷம் அணைக்கிறதுதான். கோடையில எவன் காரச் சூடு பண்ணுவான்?"

"என் பெட்டி அதுல இருக்கே! வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அஹ்தி கப்புக்குள் பார்த்தார். ஐலாதான் பேசினாள்.

"ஏப்ரல்ல ஒங்ககிட்ட சொல்லி, வேற லைன் வேணுமான்னு கேக்கணும்னுதான் இருந்தார். நான் ரொட்டி எல்லாம் சுட்டு வெச்சிருந்தேன். நீங்கதான் 'நேரமில்ல, அடுத்த தடவை'ன்னு வண்டிய எடுத்துட்டீங்க. காபி குடிக்கக்கூட நேரமில்லாதவங்கள எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டார்."

ஹில்க்காவின் கோபம் விழ இடம் தேடி, சுற்றி வந்து, அவள் மடியிலேயே விழுந்தது. பெட்டிகளைப் பார்க்கும் மூன்று வாரச் சுற்றை ஏப்ரலில் ஒரே வாரத்தில் முடித்தவள் அவள். பேராசிரியர் எல்லார் முன்னாலும் மெச்சினார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் முப்பது வீட்டில் பதறியிருந்தாள். ஒரு வீட்டிலும் உட்காரவில்லை.

"ஆங், இன்னொண்ணு," என்றார் அஹ்தி. "லெம்பி வீட்டு நெலவறைல இருக்கே ஒங்க பெட்டி, அதப் பத்தி அவ ஏதோ சொல்லணும்னா."

"என்ன சொல்லணுமாம்?"

"அத அவதான் சொல்லணும்."

"ஐயோ அஹ்தி, ஒரே ஒரு வார்த்தை!"

"என் வீட்டுப் பெட்டியா அது?" என்றார் அவர்.

லெம்பியின் பண்ணை அடுத்த ஏரிக்கரையில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். கையில் நிலவறைச் சாவி தயாராக இருந்தது.

"நீங்க அவசரக்காரங்க, தெரியும். பெட்டி கீழதான் இருக்கு. பாத்துட்டுக் கெளம்புங்க."

சாவியை நீட்டிவிட்டு உள்ளே திரும்பினாள். அடுப்பங்கரையிலிருந்து காபி வாசனை கூட வரவில்லை. ஏற்கெனவே மூன்று கப் வயிற்றில் குலுங்கிக்கொண்டிருந்தது. சாவியை வாங்காமல் ஹில்க்கா குனிந்து காலணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"லெம்பி, ஒரு வாய் காபி கெடைக்குமா?"

லெம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போட்டாத்தான் உண்டு. நேரமாகும்."

"ஆகட்டும்."

பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள் லெம்பி. அது கொதித்ததும் காபிப் பொடியைப் போட்டாள். முதல் கப்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த வருஷம்," என்று தொடங்கினாள், "மழை கொஞ்சம் கம்மிதான்."