சத்தம் போடாத எஞ்சின்

டீச்சரின் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் யாரும் இதை நம்பமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை லைசென்ஸ் தேர்வுக்குப் போய்க் கம்பத்தில் இடித்துவிட்டு, கம்பத்தைத் தப்பான இடத்தில் நட்டிருக்கிறார்கள் என்று அதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஆள். அதோடு ஸ்டீயரிங்குக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்துபோனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் காதில் பிரேமை மாட்டி, இரண்டடி பின்னால் நின்று, தலையைச் சாய்த்து, "உங்க முகத்துக்கு இதுதாங்க" என்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் எஞ்சின் நிபுணராகிவிடுவார்.

கேட்பதற்கு ஆள் வேண்டுமே. கீழ்வீட்டுத் தையல்காரர், எதிர்வீட்டு பேங்க்காரர், யாராவது மாடிப்படியில் மாட்டுவார்கள்.

"மூணு சிலிண்டரா? காய்ச்சல்காரன் மாதிரி நின்ன இடத்துலயே நடுங்கும். நாலு சிலிண்டர் ஒரு குமாஸ்தா. வேலை பார்க்கும், ஆனா முனகிக்கிட்டே பார்க்கும். எட்டு வெச்சிருக்கிறவனுக்குத் திமிர். கரன்ட் வண்டியைப் பத்தி என்கிட்ட பேசவே பேசாதீங்க, அது சக்கரம் வெச்ச மிக்சி. ஆறுதாங்க எஞ்சின். அதுலயும் வரிசையா நிக்கணும். பக்கத்துக்கு மூணா சாய்ச்சு வெச்சிருக்கானே, அது இடம் பத்தாம கட்டின ஆறு, கணக்குல சேராது. வரிசை ஆறுல ஒண்ணோட உதறலை இன்னொண்ணு வாங்கிக்கும். ஓடுதா நிக்குதான்னே தெரியாது!"

ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதது இந்த ஆளுடைய மூளைதான் என்று டீச்சர் சமையலறையில் நின்று நினைத்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டாமா எதிரே இருப்பவருக்கு?

அவளைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பாடம் சொல்லும் டீச்சர் இல்லை, கார் ஓட்டச் சொல்லித்தருகிற டீச்சர். ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கிற பெண்களையும், பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்று குனிந்து பார்க்கிற ரிட்டயரான ஆட்களையும் ரோட்டில் ஓட வைத்தவள். வேறொருவருடைய டிரைவிங் ஸ்கூலில் வருடக்கணக்காக உழைத்து, அந்த முதலாளியின் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, இப்போதுதான் சொந்தமாக ஒன்று தொடங்கக் கிளம்பியிருந்தாள். போர்டுகூட எழுதி வந்துவிட்டது. கார்தான் பாக்கி. பேங்க் கடன் வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் கிடைக்கும். அவருடைய கையெழுத்து வேண்டும் என்றால் அவருடைய எஞ்சினும் கூடவே வரும்.

"ஆறு சிலிண்டர் வண்டி ஒண்ணு விலைக்கு வருது. பழசுதான், ஆனா ராஜா மாதிரி ஓடும்," என்றார் ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டே. "உன் ஸ்கூலுக்கு அதுதான். ஊர்ல எவன்கிட்டயும் இருக்காது."

எவனிடமும் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நடுங்குகிற வண்டிதான் வேண்டும். கிளட்ச்சை எடுக்கும்போது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று சீட்டில் உட்கார்ந்திருக்கிற இடுப்புக்குத் தெரிய வேண்டும். தப்பாக எடுத்தால் எஞ்சின் செத்துப்போக வேண்டும். பத்து தரம் செத்தால்தான் பதினோராவது தரம் கால் புத்தி கற்றுக்கொள்ளும். வரிசை ஆறு அப்படியில்லை. எவ்வளவு மோசமாகக் கிளட்ச்சை எடுத்தாலும் பொறுத்துக்கொண்டு நகர்ந்துவிடும், பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிற மாமா மாதிரி. அதில் பழகினவர்கள் வேறு வண்டியில் ஏறினால் தவித்துப்போவார்கள். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல எஞ்சின் கிடையாது, அதை அவளும் மறுக்கமாட்டாள். முதல் நாள் மாணவிக்கு அதைவிடக் கெட்டதும் கிடையாது.

இதெல்லாம் டீச்சருக்குத் தெரியும். சொல்வதற்கு ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூடப் பிடிக்காது. அவள் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். வாயில் நுரை, தோளில் துண்டு, கண்ணில் ராஜா வண்டி. இந்த ஆளோடு உட்கார்ந்து கிளட்ச்சைப் பற்றிப் பேசுவதா?

"உங்க இஷ்டம்," என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையை அவள் சொல்கிற விதம் தனி. கேட்கிறவருக்குச் சம்மதம் மாதிரி இருக்கும். அவளுக்கு மட்டும் அது காறித் துப்பியது மாதிரி இருக்கும். வரட்டும், வந்து இவர் முகத்தில் கரியைப் பூசட்டும், அதை நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு குஷி வேறு.

வண்டி வந்தது. மூக்கு அவ்வளவு நீளம், கேட்டைச் சாத்த முடியவில்லை. வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீயை வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. தையல்காரர் கைதட்டினார். பேங்க்காரர் குனிந்து, "ஓடுதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு வீட்டுக்காரருக்கு வந்த பூரிப்பைப் பார்க்கவேண்டுமே! அந்த எஞ்சினை அவரே பெற்று வளர்த்த மாதிரி நின்றார். டீயைக் கடைசியில் யாரும் குடிக்கவில்லை.

முதல் மாணவி நாத்தனார்தான். வீட்டுக்காரருடைய தங்கை. புருஷன் வீட்டை விட்டு வந்து மாடி அறையில் தங்கியிருந்தாள். அண்ணன் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்போதெல்லாம் அவள் மற்றவர்கள் தட்டையும் சேர்த்துக் கழுவிவைப்பாள். மொத்த மருந்துக்கடை ஒன்றில் கடைகடையாய்ப் போய் மருந்துப் பெட்டி இறக்குகிற வேன் டிரைவர் வேலை அவளுக்குப் பேசியாகிவிட்டது. லைசென்ஸோடு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

"ரெண்டே ரூம் போதும் அண்ணி. வாசலைத் திறந்து மூடுறது நானா இருக்கணும்," என்றாள் முதல் நாள் வண்டியில் ஏறும்போது.

டீச்சருக்கு அவளைப் பிடிக்கும். அந்த வீட்டில் மதிக்கத்தக்க பிறவி அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். சொன்னதைக் கேட்பாள், கேட்டதைச் செய்வாள். ஒரே ஒரு தொல்லை. ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை ஓடவில்லை என்று நினைத்து மறுபடி சாவியைத் திருகிவிடுவாள். உள்ளே பல்லும் பல்லும் உரசி 'கிர்ர்' என்று ஒரு அலறல் வரும். அந்த ஒரு வண்டியை வைத்துத்தான் பிழைப்பு. டீச்சர் அவள் கையைத் தட்டிவிடுவாள்.

"சாவியை விடும்மா! சத்தமில்லைன்னா நின்னுபோச்சுன்னு அர்த்தமில்ல. இந்த வண்டில சத்தமில்லைன்னா ஓடுதுன்னு அர்த்தம். தைரியமா பிரேக்கை எடுத்துட்டுப் போ."

நாத்தனார் தலையாட்டினாள். நல்ல மாணவி. அதற்குப் பிறகு அவள் சாவியைத் திருகவே இல்லை. வண்டி அவள் காலுக்குப் பூனை மாதிரிப் பழகிவிட்டது. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பாள், சந்தில் திருப்புவாள், ஒரு தடவைகூட எஞ்சின் நின்றதில்லை. ஜன்னலில் நின்று பார்த்த வீட்டுக்காரர், "எஞ்சின் அப்படி!" என்பார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தேர்வில் லைசென்ஸ் ஆபீஸ் வண்டியைத்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், அது மூன்று சிலிண்டர் உதறுவண்டி என்பது அவளுக்குத் தெரியும். பழைய முதலாளியிடம் போய் ஒரு மணி நேரம் அந்த மாதிரி வண்டியைக் கேட்டிருக்கலாம். அந்த ஆளின் இளிப்பைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

தேர்வு நாளன்று மைதானத்தின் ஓரத்துப் பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் முறை வந்தது. வளைவுகள் நன்றாகத்தான் போயின. வண்டியின் உதறலில் அவள் தோள் விறைத்திருந்தது, அவ்வளவுதான். ஏற்றத்தில் ஏறி, பாதியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கச் சொன்னார்.

கிளட்ச்சைப் பழக்கப்படி விட்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. எஞ்சின் செத்தது.

வேறு எந்த மாணவியாக இருந்தாலும் அந்த நிசப்தத்தில் பதறிச் சாவிக்குக் கையைக் கொண்டுபோயிருப்பாள். நாத்தனார் பதறவில்லை. உதறல் நின்றதும் அவள் தோள் தளர்ந்ததைப் பெஞ்சிலிருந்தே பார்க்க முடிந்தது. அப்பாடா, வண்டி இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்திருக்கிறாள். சத்தமில்லை, ஆகவே ஓடுகிறது. மறுபடி கிளட்ச்சை மிதித்து, தைரியமாக ஹேண்ட்பிரேக்கை எடுத்தாள்.

டீச்சர் எழுந்து நின்று கத்தினாள். மைதானம் தாண்டி அது எங்கே கேட்கப்போகிறது? வண்டி பின்னால் உருண்டது. நாத்தனார் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாள். அதிகாரி தன் பக்கத்துப் பிரேக்கில் ஏறி நிற்பதற்குள் பின்பக்கம் கீழே நட்டிருந்த ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எஞ்சின் நின்னது கூடவா தெரியாது? எந்த ஸ்கூல்மா உனக்கு?" என்று அதிகாரி கேட்டுக்கொண்டே இறங்கினார்.

நாத்தனார் ஸ்கூல் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில் மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. அவள் "இல்லீங்க" என்றாள், "புரியுதுங்க" என்றாள். அப்புறம் போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. வருவது அழுகையா கோபமா என்று டீச்சருக்கே தெரியவில்லை. வீடு வருவதற்குள் கோபம்தான் என்று முடிவாகிவிட்டது.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறினார்.

"மூணு சிலிண்டர்! நான் அன்னைக்கே சொன்னேன்ல? அதெல்லாம் ஒரு எஞ்சினா? நம்ம வண்டில ஓட்டிக் காட்டியிருந்தா..."

அவ்வளவுதான். டீச்சர் வாயைத் திறந்தாள். இத்தனை வருடமாக மென்று விழுங்கியதெல்லாம் ஒன்றாக வந்தது.

"நிறுத்துங்க! டீயை வெச்சு வித்தை காட்டினா எஞ்சின் தெரிஞ்சிடுமா? வண்டி ஓட்டவே தெரியாத மனுஷன் நீங்க! அந்த வண்டில கிளட்ச்சுப் பழகவே முடியாது. எப்படி விட்டாலும் போயிடும். கால் கெட்டுப்போகும், காது செத்துப்போகும். நின்னா நின்னதுன்னு தெரியாது, ஓடினா ஓடுதுன்னு தெரியாது. அதுல பழகின எவளும் தேர்வு வண்டியை ஏத்தத்துல எடுக்க முடியாது. இந்தப் பொண்ணு எடுக்காதது இவ தப்பா? உங்க ஆறு சிலிண்டர் பண்ணின வேலை!"

பேசப் பேச அவளுக்கு உடம்பு லேசானது. வீட்டுக்காரர் சுருங்கிப்போனார். படியில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு எளிதாக உடைகிற ஆளா இது என்று டீச்சருக்கு ஏளனமாகக்கூட இருந்தது.

நாத்தனார் தலைநிமிர்ந்தாள்.

"அண்ணி, இதெல்லாம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எப்பத் தெரியுமா? நல்லாக் கேட்டே! இவர் பல்லு விளக்கிக்கிட்டு வந்து சொன்னாரே, அந்த நிமிஷமே தெரியும் எனக்கு," என்றாள் டீச்சர், பெருமையாக.

சொன்ன வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

நாத்தனார் அவளையே பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கோபமாக இருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள்.

"அண்ணனுக்குத் தெரியாது, அண்ணி," என்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடக் கீழே வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு தட்டில் போட்டு மூடி மேலே எடுத்துக்கொண்டு போனார். டீச்சரும் போகலாம் என்று எழுந்தாள், படி வரைக்கும் போனாள். மேலே அண்ணனும் தங்கையும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காலடி கேட்டதும் பேச்சு நின்றது.