மெத்தென்ற கைப்பிடி

கென்யாவும் உகாண்டாவும் தொடும் புஸியா ஊரில், எல்லைக் கேட்டுக்கு முன்னால் விடியும் முன்பே சரக்கு லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. கேட்டுக்குப் பக்கத்திலிருந்த மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்த எகேசா, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். குளிர் ஒன்றும் இல்லை. சற்று முன்னால்தான் ஒரு வாத்தியாரம்மாவை இறக்கிவிட்டு வந்திருந்தான். வண்டி நின்ற பிறகும் விரல்களுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அது அடங்கினால் விரல்கள் இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும்.

ஆரம்பத்தில் சுண்டுவிரல் மட்டும்தான். பிறகு பக்கத்து விரல். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு உள்ளங்கைகளும் மரத்துப்போயின. காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவனை மனைவி அஜியாம்போ பிடித்துத் திருப்பினாள்.

"துவைச்சதுல ஓட்டை சுருங்கிப்போச்சு" என்றான்.

"ஆமா, எல்லா ஓட்டையும் ஒரே நாள்ல சுருங்கிப்போச்சாக்கும்" என்று அவளே பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அன்றே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் அவன் விரல் நுனிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அவன் பெரும்பாலும் தப்பாகவே சொன்னான்.

"வண்டியோட நடுக்கம் நரம்புல ஏறியிருக்கு. கொஞ்ச காலம் ஓட்டாம இருங்க" என்றாள். அவன் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினான். அவள் அதற்கும் பழகியவள் போல, "அது முடியாதுன்னா பிடிக்கிற ரப்பரையாவது மாத்துங்க. இரும்பைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினா கை என்னத்துக்கு ஆகும்" என்றாள்.

ஏறக்குறைய இரும்பேதான். கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழப்பாகி, கட்டைவிரல் படும் இடத்தில் கிழிந்து உள்ளே கம்பி தெரிந்தது. அதன்மேல் பழைய டியூபை அறுத்துச் சுற்றியிருந்தான். வண்டி மகோக்காவுடையது. சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஸ்டாண்டில் பாதி வண்டிகள் அவருடையவைதான். அவரிடம் எகேசா பலமுறை கேட்டிருந்தான். "இன்ஜினுக்கு ஏதாவது வேணும்னா கேளு, இன்னிக்கே வாங்கித் தரேன். கைப்பிடியிலயா வண்டி ஓடுது?" என்பார். அவர் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பதுதான் எகேசாவின் வழக்கம்.

அஜியாம்போ முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை விற்று, காசை அவன் சட்டைப்பையில் போட்டு அந்தப் பொத்தானையும் மாட்டினாள். "எத்யாங் கடைக்குப் போங்க. அவன் உங்களை ஏமாத்த மாட்டான். ஏமாத்தினா என்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எத்யாங்கும் எகேசாவும் ஒரே நாளில் சைக்கிள் மிதிக்க வந்தவர்கள். அப்போது ஸ்டாண்டில் ஒரு மோட்டார்கூடக் கிடையாது. எல்லாம் கறுப்புச் சைக்கிள்கள். பின்னால் மெத்தை தைத்த கேரியர். கென்யக் கேட்டுக்கும் உகாண்டாக் கேட்டுக்கும் நடுவிலிருக்கும் வெட்டவெளியில் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். இப்போது எத்யாங்குக்கு ஒரு முழங்கால் மடங்காது. கடைவாசலில் அந்தக் காலை ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாடா மாப்பிள்ளை. பொண்டாட்டி கோழி வித்தாளாமே" என்றான்.

"அதுக்குள்ள உனக்கு யாரு சொன்னா?"

"வாங்கினவ என் தங்கச்சி. ராத்திரி குழம்பு எங்க வீட்லதான்."

சிரித்துக்கொண்டே கைப்பிடிகளை எடுத்துச் சாக்கின்மேல் பரப்பினான். எகேசா முதலில் பஞ்சு மாதிரி இருந்த கறுப்பு ஜோடியைத் தொட்டான்.

"அதை விடு. இன்னிக்குத் தலையணை மாதிரி இருக்கும். ரெண்டு மழை நனைஞ்சா ஊறிப்போய் நாறும். பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும்."

"இது?"

"அது தடியா இருக்கு. உன் விரலுக்குக் கிளட்ச் எட்டாது. லாரிக்கு அடியிலதான் போய் நிப்ப." பக்கத்தில் கிடந்த பழைய ஹேண்டில்பாரிலிருந்த கிளட்ச் பிடியைப் பிடித்துக் காட்டினான். "இந்த வரி போட்டது பசங்க வாங்குறது. பார்க்க ஜோரா இருக்கும், தோலை உரிச்சிடும். இதை எடுத்துப் பாரு. வெளியில ரப்பர், உள்ள கூழு மாதிரி ஒண்ணு இருக்கு. கண்ணை மூடிட்டுப் பிடி."

எகேசா கண்ணை மூடிப் பிடித்தான். மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. வேறொன்றைப் பிடித்தான். அதுவும் அப்படியே. கண்ணைத் திறந்து தெருவை ஒருதரம் பார்த்தான். பிறகு அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து மெல்ல அழுத்தினான். அடுத்ததையும் அப்படியே வைத்தான்.

 எத்யாங் பெயின்ட் டப்பாவின் மேலிருந்த காலை இறக்கி, டப்பாவை எகேசாவின் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. ஒவ்வொண்ணா வச்சுப் பாரு. அவசரமில்ல."

கன்னத்தில் ரப்பர் பட்டபோது எகேசாவுக்கு வேறொரு கைப்பிடி ஞாபகம் வந்தது. அவன் சைக்கிளுக்கு அஜியாம்போ செய்துகொடுத்தது. அப்போது அவள் வாழைத்தாரோடு அவன் கேரியரில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து வருவாள். இறங்கும்போது ஒருநாள் அவன் கையைப் பிடித்து விரித்து, "இந்தக் கொப்புளத்தோட யாரு உனக்குப் பொண்ணு கொடுப்பா?" என்று கேட்டாள். மறுவாரம் ஒரு பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, சிவப்பும் மஞ்சளுமான நூலால் பின்னிய இரண்டு உறைகளைக் கொண்டுவந்தாள். கைப்பிடிகளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தன. வெயிலில் அவற்றில் வியர்வை ஊறும், சாயம் உள்ளங்கையில் ஒட்டும். ஸ்டாண்டே கேலி செய்தது. எத்யாங் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தது அப்போதுதான்.

"அந்தக் கம்பளி உறையை நினைக்கிறியா?" என்றான் எத்யாங்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மூஞ்சி அப்படி இருக்கு. உகாண்டாச் சரிவுல ஒருநாள் போட்டி போட்டோமே, நீ ரெண்டு கையையும் விட்டுட்டு இறங்கினியே. எதுக்குடா கையை விட்டேன்னு கேட்டா, உறை அழுக்காயிடும்னு சொன்ன."

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். கூழ் வைத்த ஜோடிதான் கன்னத்துக்கு நன்றாக இருந்தது. எத்யாங் பழைய கைப்பிடியைக் கத்தியால் நீளமாகக் கிழித்து உரித்தான். புதியதற்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றித் திருகி ஏற்றினான். காய்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதே என்றான். உரித்த ரப்பர் சாக்கடையில் போய் விழுந்தது.

அதன்பிறகு சில வாரங்கள் நன்றாக இருந்தன. முதலில் இரவில் விரல்களில் ஊசி குத்துவது போல் இருந்தது. "குத்தட்டும், செத்ததுக்குக் குத்தாது" என்றாள் அஜியாம்போ. ஒரு காலையில் அவன் மேல்பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவள் பார்க்காதது போலச் சோளக்களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று அவன் தட்டில் மீன் ஒரு துண்டு கூடுதலாக இருந்தது.

சனிக்கிழமை மகோக்கா வண்டிகளைப் பார்க்க வந்தார். எகேசாவின் வண்டியைத் தொட்டவர் கைப்பிடியை இரண்டுதரம் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. யாரு வாங்கினது?"

"நான்தான் ஐயா."

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். நன்றாக இருக்கிறதே என்று அவர் சொன்ன மகிழ்ச்சியில் அவன் உள்ளதைச் சொன்னான். "கை மரத்துப்போச்சுங்க ஐயா. நர்ஸம்மா மாத்தச் சொன்னாங்க. இப்ப நல்லா ஆயிட்டு வருது. பொத்தான்கூடப் போடுறேன்."

மகோக்கா அவன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அக்கறையாகத்தான் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கணும் எகேசா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் இன்னொருவனோடு வந்தார். ஒவுண்டோ என்று பேர். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன், ஆலை மூடியதிலிருந்து வேலை இல்லை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் மகோக்கா. "கையில உணர்ச்சி இல்லாதவன் ஓட்டி நாளைக்கு ஒரு உயிர் போச்சுன்னா? போலீஸ் உன் வீட்டுக்கு வராது, என் வீட்டுக்குத்தான் வரும். கொஞ்சம் ஓய்வெடு."

"பதினோரு வருஷமா ஓட்டுறேன் ஐயா. ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நல்ல பேரோட போ."

எகேசா சாவியைக் கொடுத்தான். கொஞ்சம் தயங்கி, "அந்தக் கைப்பிடி என் காசு ஐயா" என்றான்.

"தாராளமா கழட்டிக்கோ. பழசை மாட்டிட்டு எடுத்துட்டுப் போ."

பழசு எப்போதோ சாக்கடையோடு போயிருந்தது. சுற்றியிருந்த ஓட்டுநர்கள் தங்கள் வண்டிக் கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்தார்கள். அவர்களும் மகோக்காவின் வண்டிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மகோக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்.

ஒவுண்டோ வண்டியில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தான். அதன் மென்மை அவனுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான். "அண்ணே, இது உங்க வண்டின்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றான்.

"அது எனக்குத் தெரியும்டா. மேட்டுல ஏறும்போது ரெண்டாவது கியர்லயே போ. மூணு இழுக்காது."

அந்த நேரத்தில்தான் தினமும் ஏரிக்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் நசிரும்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையிலிருந்த கூடையைப் பழக்கத்தில் எகேசாவின் காலடியில் இறக்கினாள். "சீக்கிரம் கட்டுப்பா, அந்தப் பக்கம் சந்தை கூடிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவனைப் பார்க்காமலே வண்டியில் ஏறப் போனவள், முன்னால் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றாள். 

"ஏறு, ஒண்ணுமில்ல" என்றான் எகேசா.

அவள் ஏறியதும் கூடையைத் தூக்கி அவளுக்குப் பின்னால் கேரியரில் வைத்தான். ரப்பர் கயிற்றை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டான். இறுகியிருக்கிறதா என்று விரலுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. குனிந்து முடிச்சுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணால் பார்த்தான். திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு நிமிர்ந்து, போகலாம் என்று கூடையை இரண்டு தட்டுத் தட்டினான்.