வாத்தியார் பாயும் நாற்பது டேக்கும்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் மீரான் என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஆளே பிடிபடாது. வாத்தியார் பாய் என்று கேட்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர்தான். ஆனால் பதினெட்டு வருடமாகப் பேருந்து பேருந்தாக ஏறி, ஆங்கிலம் கற்றுத்தரும் சின்னப் புத்தகம் விற்கிறார். ஊர் சும்மா விடுமா, வாத்தியாராக்கிவிட்டது.

அவருடைய துருப்புச்சீட்டு 'டேக்' என்கிற ஒரே வினைச்சொல்.

"டேக்குன்னா எடுன்னு மட்டும் நெனைக்காதீக! டேக் எ சீட், உக்காரு. டேக் எ பாத், குளி. டேக் மெடிசின், மருந்து சாப்புடு. டேக் ரெஸ்ட், செத்த நேரம் படு. ஒத்தச் சொல்லு, நாப்பது வேலை!"

ராகம் போட்டு அவர் அடுக்கினால் தூங்கி வழிகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். நாற்பதும் தலைகீழ்ப் பாடம். அதைத் தாண்டி ஒரு வாக்கியம் கேட்டால் மனிதர் காலி. அந்த ரகசியம் அவருக்கும் மனைவி சர்புன்னிசாவுக்கும் மட்டுமே தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொடைக்கானலிலிருந்து வந்த பேருந்தைவிட்டு ஒரு வெள்ளைக்காரம்மா அழுதுகொண்டே இறங்கினார். எழுபது வயதிருக்கும். மலைப்பக்கம் கையைக் காட்டிக் காட்டி மடமடவென்று ஏதோ சொன்னார். ஒருவர் செல்போனை நீட்டி மொழிபெயர்க்கப் பார்த்தார். ஹாரன் சத்தத்தில் அதற்கும் ஒன்றும் விளங்கவில்லை. திண்டுக்கல் வண்டிக் கண்டக்டர் குருசாமி கத்தினார்.

"ஏலே, வாத்தியார் பாயக் கூப்புடுங்க! அவரு எதுக்கு இருக்காரு?"

கூட்டம் வழிவிட்டது. அவரிடம் புத்தகம் வாங்கியவர்களே நாலைந்து பேர் நின்றார்கள். இன்றைக்கு முழித்தால் நாளைக்கு எந்தப் பேருந்திலும் தலைகாட்ட முடியாது. மீரான் தெரிந்ததைச் சொன்னார்.

"டேக் எ சீட், மேடம்."

அந்தம்மா உட்கார்ந்தார். "டேக் வாட்டர்" என்று மீரான் பாட்டிலை நீட்டினார். குடித்தார். "பாய் பிச்சு உதர்றாருப்பா" என்றது ஒரு குரல். அந்தம்மா பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார். மீரானுக்குப் போன உயிர் வந்தது.

"டேக் மெடிசின், மேடம்! டேக் மெடிசின்!"

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

மீதி முப்பத்தேழையும் சொன்னாலும் இந்தத் துயரம் தீராது என்று மீரானுக்குத் தெரிந்துபோயிற்று. பதினெட்டு வருடப் பெயர் போனால் போகட்டும்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றார் சத்தமாக. "புத்தகத்துல இருக்கத ஒப்பிக்கிறவன் நான். தெரிஞ்சவுக யாராச்சும் வாங்கம்மா, புண்ணியமாப் போகும்."

கூட்டத்தின் பின்னாலிருந்து சௌந்தர்யா என்ற கல்லூரி மாணவி வந்தாள். இரண்டு நிமிடம் தட்டுத்தடுமாறிப் பேசினாள்.

"டீ குடிக்க நிறுத்துன எடத்துல இவங்க வீட்டுக்காரர் எறங்கிருக்காரு. அவர விட்டுட்டு பஸ்ஸ எடுத்துட்டாங்க. இவங்க தூங்கிட்டாங்களாம். அவரு ஹார்ட் பேஷண்ட்டு. மாத்திரை, போன் எல்லாம் இந்தப் பையில இருக்கு."

குருசாமி உடனே போனை எடுத்தார். அடுத்து இறங்கிவந்த வண்டியின் கண்டக்டர் டீக்கடையில் ஆளைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டார். நல்லபடியாக இருக்கிறார் என்று தகவல் வந்ததும் அந்தம்மா சௌந்தர்யாவைக் கட்டிக்கொண்டார்.

"மொதல்லயே வந்திருப்பேன் பாய்," என்றாள் அவள். "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. வாத்தியார் இருக்கும்போது நாம எப்படிப் பேசுறதுன்னு நின்னுட்டேன்."

மீரானுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. தான் பெருமையாக நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே டீக்கடையில் அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? யா அல்லா! பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

குருசாமி விசிலடித்தார். "பாய், வண்டி எடுக்கப் போறேன். ஏறலையா?"

வெறும் பாய், வாத்தியார் இல்லை. மீரானுக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் வேறு பிழைப்பு தெரியாதே, ஏறினார். ராகம் வரவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் பேச வராது," என்று ஆரம்பித்தார். "இந்தப் புத்தகத்துல உள்ள நாப்பதுதான் தெரியும். அம்புட்டுதான்."

முன்சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுகூடத் தெரியாதுண்ணே," என்றாள். "இங்கிட்டு ஒரு புத்தகம் குடுங்க."